ஃபாரடே கோப்பையில் அயனிக் கற்றையின் செறிவை அளப்பது எப்படி?

நானோஆம்பியர், மைக்ரோஆம்பியர் அளவில் தொடர்ந்து வரும் அயனிக் கற்றைக்கு (மின்னூட்டம் கொண்ட துகள்களின் ஓட்டம்) ஃபாரடே கோப்பை என்ற உலோகக் கோப்பையே ஏற்ற கருவி. கற்றை கோப்பைக்குள் நின்றுவிடும். அது கொண்டுவந்த மின்னூட்டம் எலக்ட்ரோமீட்டர் (மிகச் சிறிய மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வழியாகத் தரைக்குப் போகும். அளவைக் கெடுப்பவை பெரும்பாலும் இரண்டு: கற்றை மோதுவதால் கோப்பையிலிருந்து தப்பியோடும் எலக்ட்ரான்கள், மின்காப்பில் ஏற்படும் கசிவு.

கோப்பையின் ஆழம் வாய் விட்டத்தைப்போல் 3 மடங்காவது இருக்கட்டும். அடிப்பகுதிக்கு 3 மி.மீ. செம்பு போதும், 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் செம்பில் கால் மி.மீ. அளவுக்குத்தான் ஊடுருவும். வெப்பத்தைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். அதே புரோட்டான்கள் 10 மைக்ரோஆம்பியர் வந்தால் 100 வாட், நீர்க்குளிர்ச்சி தேவை. அயனி நீக்கிய நீரையே பயன்படுத்துங்கள். சாதாரண நீர் மின்னோட்டத்தைக் கடத்தி அளவைக் குறைத்துவிடும்.

கோப்பைக்கு முன்னால் எதிர்மின்னழுத்தம் தரப்பட்ட தடுப்பு வளையமும், அதற்கு முன்னால் கோப்பை வாயைவிடச் சிறிய துளையுள்ள, தரையோடு இணைத்த தகடும் வேண்டும்.

கற்றையைத் திறக்கும் முன் வளையத்துக்கு மின்னழுத்தம் கொடுத்து, எலக்ட்ரோமீட்டர் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. வளையத்துக்கும் கோப்பைக்கும் இடையே 100 கிகாஓம் மின்தடை இருந்தாலும், 300 வோல்ட்டில் 3 நானோஆம்பியர் கசியும். நீங்கள் அளக்கப்போவது 1 நானோஆம்பியர் என்றால் அந்த அமைப்பு உதவாது. இரண்டுக்கும் நடுவில் தரையோடு இணைத்த உலோக வளையம் ஒன்றை வையுங்கள்.

பிறகு கற்றையைத் திறந்து, தடுப்பு மின்னழுத்தத்தை 0-விலிருந்து 50 வோல்ட் படிகளாக −500 வரை கொண்டுபோங்கள். நேர் அயனிகள் என்றால் அளவு முதலில் இறங்கி, பின் சமமாக நிற்கும். இறங்குவதற்குக் காரணம் உண்டு: கோப்பையை விட்டு ஒவ்வோர் எலக்ட்ரான் தப்பும்போதும் கூடுதலாக ஒரு நேர் மின்னூட்டம் வந்ததுபோல் பதிவாகும், வளையம் அவற்றைத் திருப்பி அனுப்புகிறது. சமமான பகுதியில் மட்டும் அளவெடுங்கள். அப்படியொரு பகுதி வராமல் இறங்கிக்கொண்டே போனால், கற்றை வளையத்தின்மேல் படுகிறதா என்று பாருங்கள். அங்கிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் கோப்பைக்குள் விழும். வெற்றிடம் 10⁻⁵ மில்லிபாரைவிட மோசமானாலும் மிச்ச வாயு அயனியாகி அளவைக் குழப்பும்.

கசிவைக் கழித்தபின் வரும் மின்னோட்டத்தைத் துகள் எண்ணிக்கையாக மாற்றலாம். 1 நானோஆம்பியர் புரோட்டான் என்பது நொடிக்கு 624 கோடி துகள்கள். ஆல்ஃபா துகளுக்கு மின்னூட்டம் இரண்டு என்பதால் 312 கோடிதான். இந்தப் பாதியை மறப்பவர்கள் நிறையப் பேர்.

கற்றையை நிறுத்தாமல் அளக்க வேண்டுமென்றால், அதன் காந்தப்புலத்தை உணரும் மின்னோட்ட மின்மாற்றி ஒரு வழி. கற்றை செல்லும் குழாயின் சுவரில் பீங்கான் இடைவெளி விட்டு அதைச் சுற்றிப் பொருத்துங்கள். இல்லாவிட்டால் சுவரில் ஓடும் எதிர் மின்னோட்டம் கற்றையின் காந்தப்புலத்தை மறைத்துவிடும். சாதாரண மின்மாற்றி துடிப்புக் கற்றையை (விட்டுவிட்டு வருவதை) மட்டுமே உணரும். நீண்ட துடிப்பில் அளவு போகப்போகச் சரியும். அதனால் மையத்துளை வழியே ஒரு கம்பியைச் செலுத்தி, தெரிந்த மின்னோட்டத்தை அதே துடிப்பு நீளத்தில் அனுப்பி அளவுதிருத்தம் செய்யுங்கள்.