தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிக்குத் துணை நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவருக்காகக் காத்திருக்கும் குடும்பத்தினர் செய்யும் தவறுகள் அக்கறைக் குறைவால் நேர்பவை அல்ல. அடுத்து என்ன வரும் என்பதை யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

மயக்க மருந்தில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது என்று முடிவு செய்துகொள்வது முதல் தவறு. மயக்கத்தின் ஆழம் நேரத்துக்கு நேரம் மாறும். கண்ணைத் திறக்க முடியாத நிலையிலும் காதில் விழுந்தவற்றைப் பின்னாளில் நினைவுகூர்ந்தவர்கள் உண்டு. ஆகவே பிழைப்பாரா என்ற பேச்சையும் செலவுக் கணக்கையும் படுக்கையருகே வைத்துக்கொள்ளக் கூடாது. மாறாக, அவருடைய பெயரைச் சொல்லி அழைத்து, இன்று என்ன கிழமை, அவர் எங்கே இருக்கிறார், ஏன் இங்கே கொண்டுவரப்பட்டார் என்பதை ஒவ்வொரு முறையும் எளிய சொற்களில் சொல்ல வேண்டும். வாய்வழியாக வென்டிலேட்டர் குழாய் போடப்பட்டவர் விழித்திருந்தாலும் பேச முடியாது, ஏனெனில் அந்தக் குழாய் குரல்நாண்களுக்கு இடையில் செல்கிறது. அவரிடம் தலையசைத்தோ கையை அழுத்தியோ பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டும், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வேண்டும்.

குடும்பத்தினரை மிகவும் நிலைகுலையச் செய்வது டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் சுவரில் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்வார், செவிலியர் தம்மைக் கொல்லப் பார்ப்பதாக நம்புவார், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் விரட்டுவார். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மூச்சுச் செயலிழப்பாலோ, இரத்த ஓட்டம் ஆபத்தான அளவுக்குக் குறையும் அதிர்ச்சி நிலையாலோ தீவிர சிகிச்சையில் சேர்க்கப்பட்ட 821 பேரில் 74 விழுக்காட்டினர் இந்நிலைக்கு ஆளானார்கள். இது பைத்தியமும் அல்ல, மனத்தில் புதைந்திருந்த வெறுப்பு வெளிவருவதும் அல்ல; நோய்த்தொற்று, மருந்துகள், தூக்கமின்மை ஆகியவற்றால் மூளையின் இயக்கம் தற்காலிகமாகத் தடுமாறுவது. அப்போது அவரோடு வாதிடுவதும், அவர் சொன்ன கடுஞ்சொல்லை மனத்தில் வைத்துக்கொள்வதும் வேண்டாம். நீங்கள் அச்சப்படுவது புரிகிறது, நான் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று அமைதியாகச் சொன்னால் போதும். மூக்குக்கண்ணாடியும் காதுகேள் கருவியும் பயன்படுத்தியவராக இருந்தால், செவிலியரிடம் கேட்டு அவற்றை அணிவிக்க வேண்டும். பகலில் வெளிச்சமும் இரவில் அமைதியும் கிடைக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இதே குழப்பம் ஆரவாரமின்றியும் வரும் என்பதைப் பலர் அறிவதில்லை. எதிலும் நாட்டமின்றி வெறித்துப் பார்த்தபடி கிடப்பவரை நிம்மதியாக இருக்கிறார் என்று எண்ணிவிடாமல், வழக்கமான இயல்பிலிருந்து அவர் எப்படி மாறியிருக்கிறார் என்பதைச் செவிலியரிடம் சொல்லுங்கள். அவருடைய இயல்பு உங்களுக்குத்தான் தெரியும்.

மருத்துவரிடம் ஆளாளுக்குத் தனித்தனியாகப் போய்க் கேட்பது இன்னொரு பிழை. காலையில் மகளும் மாலையில் தம்பியும் கேட்ட பதில்கள் வீட்டில் முரண்பட்டு, அதுவே சண்டையாகிவிடுகிறது. ஒருவரைப் பொறுப்பாக நியமித்து, கேட்டதை எழுதி வைத்து மற்றவர்களுக்குச் சொல்லச் செய்வது நல்லது. மானிட்டரில் மாறும் ஒவ்வோர் எண்ணுக்கும் விளக்கம் கேட்பதைவிட, இந்தச் சிகிச்சையால் எதை எதிர்பார்க்கிறீர்கள், பலன் தெரிகிறதா என்பதை எப்போது முடிவு செய்வீர்கள் என்று கேட்பது பயன் தரும். கடினமான முடிவுகள் வரும்போது நமக்கு என்ன வேண்டும் என்பதை ஒதுக்கிவிட்டு, நோயாளி தாமே பேசக்கூடியவராக இருந்தால் எதை விரும்பியிருப்பார் என்று யோசிக்க வேண்டும்.

வென்டிலேட்டர் குழாயை எடுத்தவுடன் தாகம் என்று அவர் கெஞ்சினால், மனம் பொறுக்காமல் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள். விழுங்கும் ஆற்றல் திரும்பாதவருக்கு அது நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கலாம். செவிலியர் அனுமதித்த பிறகே எதையும் கொடுக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் நோய் முடிந்துவிட்டது என்று கருதுவதே என் பார்வையில் இவற்றுள் மிகப் பெரிய தவறு. கடும் நோயில் முதல் பத்து நாட்களுக்குள் தொடைத் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு சுருங்குவதாக 2013இல் வெளியான மற்றோர் ஆய்வு அளந்து காட்டியது. உடல் பலவீனம், மறதி, கவனச்சிதறல், கெட்ட கனவு, மனச்சோர்வு ஆகியவை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். இவற்றின் தொகுப்புக்கு மருத்துவ உலகம் தனிப் பெயரே வைத்திருக்கிறது. எனவே மாடிப்படி ஏற முடியாதவரையோ வங்கிக் கணக்கைப் பார்க்கத் திணறுபவரையோ சோம்பேறி என்று கடிந்துகொள்வது அநீதி. அதே சமயம், பாவம் என்று எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்துப் படுக்கையிலேயே வைத்திருப்பதும் கெடுதல்தான். பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சியை அன்றாடம் சிறிது சிறிதாகச் செய்வதே பலத்தைத் திருப்பித் தரும். இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் முடி கொத்தாகக் கொட்டினால் அஞ்ச வேண்டாம். பெருநோய்க்குப் பிறகு அது வழக்கமானது, பெரும்பாலும் மீண்டும் வளரும்.

மருந்துச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துவிடவும் கூடாது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் முன்பு உட்கொண்ட மாத்திரைகள் இடையில் நிறுத்தப்பட்டு அப்படியே விடுபட்டிருக்கலாம்; மனக்குழப்பத்துக்காகத் தற்காலிகமாகத் தொடங்கியவை தேவையின்றித் தொடரலாம். பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் மருத்துவர் முன் வைத்து வரி வரியாக ஒப்பிட்டுக் கேளுங்கள்.

நோயாளிக்கு நினைவில்லாத நாட்களைப் பற்றி ஒரு நோட்டில் நாள்தோறும் சில வரிகள் எழுதிவைப்பது பெரிதும் உதவும். ஐரோப்பிய நாடுகள் ஆறில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், அத்தகைய குறிப்பேடு தரப்பட்டவர்களில் 5 விழுக்காட்டினருக்கும், தரப்படாதவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் புதிதாக ஏற்பட்டது. ஆனால் அதைப் படிக்கும்படி வற்புறுத்தக் கூடாது. எப்போது படிப்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

காத்திருப்பவர்கள் தங்களை மறந்துவிடுவதும் தவறுதான். முறைவைத்து உறங்குங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், உங்கள் சொந்த மருந்துகளை விடாதீர்கள். நோயாளி வீடு திரும்பிய பிறகும் உங்களுக்குத் தூக்கம் வராமல் போனாலோ, தொலைபேசி ஒலித்தாலே நெஞ்சு படபடத்தாலோ, வாரங்கள் கடந்தும் அது தணியாவிட்டால், நீங்களும் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.