டீசல் எஞ்சினுக்கு ஸ்டார்ட்டர் பேட்டரி: பாய்மரப் படகுக்காரர்கள் செய்யும் தவறுகள்

புதுப் பேட்டரி வாங்கக் கடைக்குப் போகும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு எஞ்சின் அறைக்குப் போங்கள். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ சத்தம் மட்டும் வருகிறது, உடனே பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

என் படகிலும் இதுதான் நடந்தது. புதுப் பேட்டரி மாட்டிய பிறகும் அதே ‘டிக்’. ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு அளந்து பார்த்தேன். பேட்டரி முனைகளில் 10.9 வோல்ட், ஸ்டார்ட்டர் மோட்டாரில் 8.8. நடுவில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காணோம். எஞ்சினோடு நெகட்டிவ் கேபிள் சேரும் போல்ட்டைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பாசி மாதிரி களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கேபிள் முனையை மாற்றியதும் எஞ்சின் முதல் திருப்பிலேயே எழுந்தது. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு பக்கமும் சேர்த்து அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: எஞ்சின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை மட்டும் நெடுநேரம் சுற்றவிட்டால், எஞ்சினைக் குளிர்விக்க பம்ப் தள்ளும் கடல்நீர் சைலன்சரில் நிறைந்து சிலிண்டர்வரை ஏறிவிடும். கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சில விநாடி மட்டும் சுற்றுங்கள். அப்புறம் வால்வைத் திறக்க மறக்காதீர்கள்.

சரி, பேட்டரிதான் பழுது என்று உறுதியாகிவிட்டது. அடுத்த தவறு, ஆம்பியர்-மணியை, அதாவது பேட்டரியின் மொத்தக் கொள்ளளவைப் பார்த்து வாங்குவது. பழைய படகுகளில் அதிகம் காணப்படும் யான்மார் 2ஜிஎம்20-ஐ எடுத்துக்கொள்வோம். இரண்டு சிலிண்டர், 636 சிசி, ஸ்டார்ட்டர் 1 கிலோவாட். 200 ஆம்பியர் வீதம் 4 விநாடி இழுத்தாலும் செலவு 0.22 ஆம்பியர்-மணிதான். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் அதைச் சில நிமிடங்களில் திருப்பிக் கொடுத்துவிடும். இதற்கு 100 ஆம்பியர்-மணி பேட்டரியைச் சுமப்பானேன்? வேண்டியது அந்தச் சில விநாடிகளில் வோல்ட் விழாமல் தாங்கும் பலம். அதைச் சொல்லும் எண் சி.சி.ஏ. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் 30 விநாடி எத்தனை ஆம்பியர் தரும் என்ற அளவு அது. படகுப் பேட்டரிகளில் எம்.சி.ஏ. என்று போட்டிருப்பார்கள். அது 0 டிகிரியில் அளந்தது, அதனால் எண் பெரிதாக இருக்கும். 600 எம்.சி.ஏ.வும் 480 சி.சி.ஏ.வும் ஏறக்குறைய ஒன்றே. எஞ்சின் கையேடு கேட்கும் அளவு எதில் சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். இந்த அளவு எஞ்சினுக்கு நல்ல கார் பேட்டரியின் பலமே போதும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் காருக்கு மாட்ட மாட்டோம் அல்லவா? இங்கேயும் அதே கதைதான். மெதுவாக, நெடுநேரம் மின்சாரம் தரும் பேட்டரியில் தகடுகள் தடிமனாக இருக்கும். ஸ்டார்ட்டர் பேட்டரியில் மெல்லிய தகடுகள், எண்ணிக்கை அதிகம். அதில் ஃப்ரிட்ஜையும் விளக்கையும் ஓட்டி அடிக்கடி காலியாக்கினால் ஒரு சீசனிலேயே வலுவிழக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பேட்டரி வையுங்கள். 1-2-இரண்டும் என்று திருப்பும் சுவிட்ச் இருந்தால், நங்கூரம் போட்ட இரவில் அது ‘இரண்டும்’ நிலையில் இருக்கவே கூடாது. எஞ்சின் ஓடும்போது அதை ‘ஆஃப்’ வழியாகத் திருப்பினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் எரிந்துபோகும்.

எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் இணைத்து, வோல்ட் இறங்கினால் பிரித்துவிடும் தானியங்கி ரிலே வைத்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஃப்ரிட்ஜ், விளக்குப் பக்கம் லித்தியம் பேட்டரி வரும்வரை. ரிலே பொதுவாக 12.8 வோல்ட்டுக்கு இறங்கினால்தான் பிரிக்கும். லித்தியம் பேட்டரியோ சும்மா இருக்கும்போதே 13.2, 13.3 வோல்ட்டில் நிற்கும். ரிலே மூடியே கிடக்க, ஸ்டார்ட்டர் பேட்டரியும் ஃப்ரிட்ஜுக்குச் சேர்ந்து உழைக்கும். அதனால் ரிலேக்குப் பதில், லித்தியம் பக்கத்துக்கு ஒரே திசையில் சார்ஜ் அனுப்பும் ஒரு டிசி-டிசி சார்ஜர் போட்டுவிடுங்கள்.

கேபிள் குட்டையாக இருக்கட்டும் என்று பேட்டரியை எஞ்சினை ஒட்டி வைப்பவர்கள் உண்டு. வெப்பம் பேட்டரியின் ஆயுளைப் பாதியாக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்து, கேபிளைத் தடிமனாகப் போடுவதே மேல். ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருப்பதால் படகு சாயும்போது தளும்பாத ஏ.ஜி.எம். வகைப் பேட்டரி நல்ல தேர்வு. ஆனால் உங்கள் சார்ஜரின் வோல்ட் அளவு அதற்குப் பொருந்த வேண்டும். எதை வாங்கினாலும் பட்டை போட்டு அசையாமல் கட்டுங்கள்.

கடையில் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். மீட்டரை அங்கேயே வைத்துப் பாருங்கள். முழு சார்ஜில் 12.7 வோல்ட் காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே காட்டினால் மாதக்கணக்கில் அலமாரியில் தூங்கிய சரக்கு, வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.