பார்த்த காட்சியை மறுபடி பார்க்கும்போது செய்யும் தவறுகள்

ஒரு படம் பார்க்கும்போது, "இது அந்தப் பழைய படத்தில் வந்த காட்சி ஆச்சே!" என்று பிடிபட்டதும் அடுத்து வாயில் வருவது "சுட்டுட்டாங்க" என்பதுதான். முதல் சறுக்கல் இதுதான். சுடுகிறவர் மூலத்தை மறைப்பார். 1964இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே, ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘யோஜிம்போ’ படக் கதையை அனுமதி வாங்காமல் எடுத்தார். வழக்காகி, வருமானத்தில் பங்கு கொடுக்க வேண்டியதாயிற்று. மரியாதைக்கோ கேலிக்கோ எடுப்பவர் கதையே வேறு. மூலம் நமக்குத் தெரிந்தால்தான் அவருக்கு வேலை நடக்கும்.

படிக்கட்டில் உருளும் குழந்தை வண்டியைப் பாருங்கள். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொடெம்கின்’ படத்தில் (1925), குண்டடிபட்ட தாய் சரியும்போது அவள் உடம்பு இடித்துத்தான் வண்டி நகரத் தொடங்கும். தடுக்க ஆளில்லை. 1987இல் ‘தி அன்டச்சபிள்ஸ்’ படத்தில் பிரையன் டி பால்மா அதே வண்டியைச் சிகாகோ ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்தார். துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே அது ஒவ்வொரு படியாக, மெதுவாக இறங்கும். கடைசி நேரத்தில் ஒருவர் சறுக்கி வந்து தாங்கிக்கொள்வார். பழைய வண்டியின் கதி தெரிந்தவருக்குப் படபடப்பு இரண்டு மடங்கு. 1994இல் ‘நேக்கட் கன்’ என்ற நகைச்சுவைப் பட வரிசையின் மூன்றாம் படம் இதைக் கிண்டலடித்தது, ஒரு வண்டி போதாதென்று பல வண்டிகளை உருட்டிவிட்டு! இதைப் பார்த்துவிட்டு, மூலம் டி பால்மாதான் என்று நின்றுவிடுவது அடுத்த தவறு. நாம் முதலில் பார்த்ததெல்லாம் முதலில் வந்ததாகிவிடாது.

கார்ட்டூன்தான் சினிமாவிடம் கடன் வாங்கும் என்பதும் சரியில்லை. ஹாலிவுட் சாகசப் பட நாயகன் இண்டியானா ஜோன்ஸைத் துரத்தும் உருண்டைப் பாறைக்கு (1981) முன்னோடி, 1954இல் கார்ல் பார்க்ஸ் வரைந்த ஸ்க்ரூஜ் வாத்து காமிக்ஸ். அப்புறம் 1992இல் அந்தப் பாறை ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் வீட்டுக்கு வந்தது, தொப்பையோடு உருளும் அப்பா ஹோமராக.

வசனத்தை நினைவிலிருந்து ஒப்பிடாதீர்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ வில்லன் டார்த் வேடர் நாயகன் லூக்கிடம் பேசும் வசனத்தை "லூக், நான்தான் உன் அப்பா" என்று எல்லோரும் சொல்வார்கள். படத்தில் லூக்கின் பெயரே வராது. "இல்லை" என்றுதான் தொடங்கும்.

அச்சு அசலாக இருந்தால்தான் மரியாதை என்று நினைப்பவர்களும் உண்டு. ஹிட்ச்காக்கின் திகில் படமான ‘சைக்கோ’வை 1998இல் ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் மறுபடி எடுத்தார்கள். என் கணக்கில் அது ஈயடிச்சான் காப்பி. பயம் மட்டும் வரவில்லை. ‘சிம்ப்சன்ஸ்’ 1990இலேயே அந்தப் படத்தின் குளியலறைக் கத்திக்குத்துக் காட்சியைக் கேலியாக எடுத்திருந்தது. கத்திக்குப் பதில் கைக்குழந்தை மேகியின் கையில் சுத்தியல், ரத்தத்துக்குப் பதில் கொட்டிய சிவப்பு பெயிண்ட்.