மென்பொருளுக்கு முன் ஓர் அறை: கட்டட ஆற்றல் பாடத்தை நடத்தும் முறை

கட்டட ஆற்றல் பாடத்தில் சூத்திரம் பெரும்பாலும் மாணவர்களுக்குப் பிடிபட்டுவிடும். வந்த விடை நம்பத்தக்கதா என்று சொல்லத்தான் தெரியாது. மென்பொருள் 40 கிலோவாட் என்றால் 40 என்று எழுதுவார்கள், 400 என்றால் 400. அவர்கள் உட்காரும் வகுப்பறையையே செமஸ்டர் முழுக்கப் பாடப்பொருளாக வைத்தால் இந்தப் பழக்கம் மாறும். 15 வாரங்களில் அளவீட்டுக்கு 3, கைக்கணக்குக்கு 5, மென்பொருளுக்கு 4, அறையைத் திருத்தி வடிவமைக்க 3 என்று பிரித்துக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

அளவீடு

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு வெப்பநிலை, ஈரப்பதம் பதியும் லாகர்கள் இரண்டு, அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று, அளவு நாடா ஒன்று போதும். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வகுப்புக்கே ஒன்று இருந்தால் சரி. 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு என 7 நாள் ஓடவிட்டால் ஒரு லாகரில் 1008 பதிவுகள் கிடைக்கும்.

லாகர்களைப் பிரித்துக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே மேசையில் ஒரு மணி நேரம் அருகருகே வையுங்கள். ஒன்றுக்கொன்று அரை டிகிரி வேறுபடுவது சாதாரணம். அந்த வேறுபாட்டைக் குறித்துவைக்காவிட்டால், ஜன்னல் ஓரம் அரை டிகிரி சூடு என்று பிறகு ஒரு பக்கம் விளக்கம் எழுதுவார்கள். லாகர்களின் கடிகாரங்களையும் அப்போதே ஒன்றாக்கிவிடுங்கள். வெயில் நேராக விழும் இடத்தில் வைத்த லாகர் காற்றின் வெப்பநிலையைக் காட்டாது, தன் உறையின் வெப்பநிலையைத்தான் காட்டும்.

அகச்சிவப்பு வெப்பமானியில் உமிழ்திறன் (மேற்பரப்பு எவ்வளவு நன்றாக வெப்பக்கதிரை வெளிவிடுகிறது என்ற எண்) பொதுவாக 0.95 என்று அமைக்கப்பட்டிருக்கும். வண்ணம் பூசிய சுவருக்கு அது பொருந்தும். பளபளக்கும் அலுமினியச் சட்டத்தைக் குறிவைத்தால் எதிரே உள்ள பொருள்களின் பிரதிபலிப்பையே அளப்பீர்கள். கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளக்கச் சொல்லுங்கள்.

காற்று மாற்றத்தை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. வகுப்பு முடியும்போது அறையில் கார்பன் டை ஆக்சைடு தானாகவே ஏறியிருக்கும். எல்லோரும் வெளியேறிய பின் கதவைச் சாத்தி, காற்று கலக்க மின்விசிறியை ஓடவிட்டு, நிமிடத்துக்கு ஒரு பதிவு எடுங்கள். தொடக்க அளவு 1800 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), ஒரு மணி நேரம் கழித்து 1000, வெளியே 420 என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலிருந்தும் வெளி அளவைக் கழித்து, 1380ஐ 580ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் 0.87. அதாவது மணிக்கு 0.87 முறை காற்று மாறுகிறது. ஒரே ஒருவர் உள்ளே தங்கினாலும் கணக்கு கெடும், அவர் மூச்சே புது மூலம். ஸ்பிளிட் ஏசி ஓடும் அறையிலும் எண் உயராது. அது அறைக்காற்றையே சுழற்றுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அளந்து பார்த்தால்தான் இதை நம்புவார்கள்.

கைக்கணக்கு

சுவரின் யு மதிப்பிலிருந்து, அதாவது ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் வழியே கடக்கும் வெப்பத்திலிருந்து, தொடங்குங்கள். 230 மில்லிமீட்டர் செங்கல் சுவர், வெப்பக்கடத்துத்திறன் 0.8 என்றால் அதன் வெப்பத்தடை 0.29. இருபுறப் பூச்சுக்கும் சேர்த்து 0.035, உள்மேற்பரப்பை ஒட்டிய காற்றுப்படலத்துக்கு 0.13, வெளிமேற்பரப்பில் உள்ளதற்கு 0.04. கூட்டினால் ஏறக்குறைய 0.49, தலைகீழாக்கினால் 2.0 வாட், ஒரு சதுர மீட்டருக்கும் ஒரு டிகிரிக்கும். மேற்பரப்புத் தடைகளை விட்டுவிடுவதே இங்கு அடிக்கடி நடக்கும் பிழை. சுவரில் அது யு மதிப்பை ஒன்றரை மடங்காக்கும். ஒற்றைக் கண்ணாடியில் விடை அபத்தமாகிவிடும், ஏனென்றால் அங்கே தடை முழுக்க மேற்பரப்பில்தான் இருக்கிறது.

அடுத்து முழு அறை: அதைக் குளிர்விக்க நீக்க வேண்டிய வெப்பம், அதாவது சுமை, எவ்வளவு? 8க்கு 6 மீட்டர், உயரம் 3. மேற்குச் சுவர் 24 சதுர மீட்டர், அதில் 6 சதுர மீட்டர் கண்ணாடி. வெளியே 35 டிகிரி, உள்ளே 25, இரண்டிலும் ஈரப்பதம் 50 சதவீதம். மாணவர் 40 பேர். மற்றச் சுவர்களும் கூரையும் குளிரூட்டிய அறைகளை ஒட்டியவை என்று கொள்ளுங்கள்.

சுவர் வழியே 360 வாட், கண்ணாடி வழியே கடத்தலில் 348. கண்ணாடியில் வெயில், சதுர மீட்டருக்கு 500 வாட் என்றும் வெப்ப ஏற்புக் கெழு (வெயிலில் உள்ளே வரும் பங்கு) 0.82 என்றும் கொண்டால், 2460. ஆளுக்கு 70 வாட் உணர்வெப்பம் (வெப்பநிலையை உயர்த்துவது), 45 வாட் மறைவெப்பம் (நீராவியோடு வருவது), மொத்தம் 4600. விளக்குகள் 384. ஆளுக்கு நொடிக்கு 8 லிட்டர் வெளிக்காற்று என்றால் 320 லிட்டர். அதன் உணர்வெப்பம் 3840. ஒரு கிலோ காற்றில் 8 கிராம் நீராவியை நீக்க வேண்டியிருப்பதால் மறைவெப்பம் 7680. கூட்டுத்தொகை 19.7 கிலோவாட், அதாவது ஏசி அளவில் 5.6 டன்.

இந்தப் பட்டியலைக் கரும்பலகையிலேயே விட்டுவைத்து, "எதைக் குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலோர் சுவருக்கு இன்சுலேஷன் என்பார்கள். சுவரின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை. வெயில் பட்டுச் சுவரின் வெளிப்புறம் சூடேறுவதைச் சேர்த்து மூன்று மடங்காக்கினாலும் ஒரு கிலோவாட்டைச் சற்றே தாண்டும். வெளிக்காற்று மட்டும் 59 சதவீதம். உலர்ந்த, கடுங்குளிர்ப் பகுதிக்கு இதே கணக்கைப் போட்டால் பட்டியல் வேறாகிவிடும். அதையும் வீட்டுக்கணக்காகக் கொடுத்துவிடுங்கள். ஒரு நாள் முழுதாக இதற்கே போனாலும் தகும்.

காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஒன்றாகக் காட்டும் சைக்ரோமெட்ரிக் வரைபடத்தை இதற்குப் பிறகு காட்டினால்தான் அது எதற்கு என்று புரியும்.

மென்பொருள்

கட்டட ஆற்றலைக் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் மென்பொருள் இலவசம், அதுவே போதும். முதல் மாதிரி ஜன்னலற்ற வெறும் பெட்டியாக இருக்கட்டும். பிறகு ஜன்னல், ஆட்கள், விளக்கு, வெளிக்காற்று என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஓட்டும் முன் எதிர்பார்க்கும் எண்ணைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத குழுவுக்கு அந்த ஓட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது. கண்டிப்பாகத் தோன்றலாம், ஆனால் வேறு வழியில் இந்தப் பழக்கம் வருவதில்லை.

உச்சச் சுமை கைக்கணக்கைவிடச் சற்றுக் குறைவாக வந்தால் கவலை வேண்டாம். சுவரும் தரையும் வெப்பத்தை வாங்கிவைத்துத் தாமதமாக விடுகின்றன. கைக்கணக்கில் எல்லா உச்சங்களையும் ஒரே நேரத்தில் கூட்டிவிட்டோம். பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்தால் எங்கோ பிழை. முதலில் கட்டடத்தின் திசையைப் பாருங்கள், மேற்கு வடக்காகித் திரும்பியிருக்கும். அடுத்து விடுமுறை நாளிலும் 40 பேர் உட்கார்ந்திருக்கும் கால அட்டவணை. அதன்பின் வெளிக்காற்றின் அலகு: நொடிக்கா, மணிக்கா?

அளந்த தரவோடு மாதிரியை ஒப்பிட, ஆஷ்ரே என்ற அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கத்தின் வழிகாட்டி 14இன் வரம்பு உண்டு. மாதாந்திர ஆற்றல் தரவுக்குச் சராசரிச் சாய்வு (மொத்தத்தில் ஒரே பக்கம் விலகும் அளவு) 5 சதவீதத்துக்குள், சிதறல் (ஒவ்வொரு புள்ளியும் விலகும் அளவு) 15 சதவீதத்துக்குள். மணிவாரித் தரவுக்கு முறையே 10, 30. இந்த எண்ணைப் பிடிக்க மாணவர்கள் காற்றுக்கசிவை இஷ்டத்துக்கு மாற்றுவார்கள். அளந்த 0.87 கையில் இருப்பதால் அந்த வழி அடைபட்டுவிடும்.

தேர்வு

கணக்குக் கொடுப்பதைவிட, மூன்று பிழைகளை நீங்களே புதைத்த ஓர் அறிக்கையைக் கொடுங்கள். கிலோவாட்டும் கிலோவாட்மணியும் இடம் மாறிய ஓர் அட்டவணை, ஆட்களின் மறைவெப்பம் விடுபட்ட ஒரு சுமைக்கணக்கு, மின்விசிறி வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்திறனும் 80 சதவீதமாகும் என்ற ஒரு வரி. கடைசியதன் சரியான விடை 51 சதவீதம், வேகத்தின் மூன்றாம் அடுக்கு. பிழையைக் கண்டதற்குப் பாதி மதிப்பெண், அது மொத்தத்தை எவ்வளவு மாற்றும் என்று சொன்னதற்கு மீதிப் பாதி.