கதவு திறந்திருந்தால் போதாது: நாய்க்குட்டியை வெளிக்குப் போகப் பழக்குதல்

வன்னியில் குட்டி வளர்க்கிற பலர் சொல்வது இது: "கதவு திறந்துதானே கிடக்குது, அது தன்ரபாட்டில வெளியில போகும்." போகும். போய்க் கோழிக்குஞ்சைத் துரத்தும், மண்ணைக் கிளறும், பிறகு திரும்பி வந்து விறாந்தையில் மூத்திரம் பெய்யும். கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்த ஜிம்மியும் அப்படித்தான் இருந்தான். இப்போது வேலிக்கரையைத் தவிர வேறெங்கும் போவதில்லை.

பூச்சி மருந்து, தடுப்பூசி விடயங்களை மிருக வைத்தியரிடம் கேளுங்கள். ஒன்று மட்டும்: குட்டிகளைக் கொல்லக்கூடிய வயிற்றோட்ட நோயைத் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஊசிகள் முடியும்வரை ஒழுங்கைக்குக் கொண்டுபோகாமல் சொந்த வளவுக்குள்ளேயே பழக்குங்கள்.

1. இடம்

கிணற்றடியிலிருந்து தள்ளி, வேலிக்கரையில், தினமும் கூட்டாத ஒரு மூலை. நாய் மணத்தை வைத்துத்தான் இடத்தை அறியும். நம் வீடுகளிலோ விடிந்ததும் முற்றம் முழுக்கக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிடுவார்கள். நேற்றைய மணம் அதோடு போய்விடும். அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். உள்ளே பெய்ததைத் துடைத்த துணியை ஒருமுறை அங்கே போட்டுவைப்பதும் உதவும். ஆனால் பீயை அன்றன்றே அள்ளிப் புதைக்க வேண்டும். குட்டியின் வயிற்றுப் புழு மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்கும் தொற்றும்.

2. நேரம்

தூங்கி எழும்பியவுடன், சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள், விளையாடி முடிந்ததும், படுக்க முன். இரண்டு மாதக் குட்டி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சோற்றையும் நேரத்துக்கு வையுங்கள். சட்டியில் நாள் முழுக்கச் சோறு கிடந்தால் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பசுப்பால், பால்மா வேண்டாம், பல குட்டிகளுக்கு வயிற்றோட்டம் வரும்.

3. கூடப் போதல்

எல்லாரும் வழுக்குகிற இடம் இதுதான். குட்டியை வெளியே விட்டுவிட்டு வாசலில் நின்று பார்ப்பதில் பயனில்லை. மெல்லிய நைலோன் கயிறு ஒன்றைக் கழுத்துப் பட்டியில் கட்டி அந்த மூலைக்குக் கூட்டிப் போங்கள். சங்கிலி எனக்குப் பிடிக்காது. பாரம், சத்தம், குட்டி மிரளும். அங்கே போனதும் பேசாமல் நில்லுங்கள். செருப்பைக் கடிக்கும், கயிற்றை இழுக்கும். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் மணந்து, வட்டம் சுற்றி, குந்தும்.

குந்திய உடனே "கெட்டிக்காரன்!" என்று கத்திவிடாதீர்கள். அது பாதியில் நிறுத்திவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு உங்களிடம் ஓடிவரும், மிச்சத்தை உள்ளே வந்து பெய்யும். முழுதாக முடிந்த பிறகு, அதே இடத்தில், முள் எடுத்த அவித்த மீன் துண்டு ஒன்றைக் கொடுங்கள். குசினிக்குள் வந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குத்தான் மீன் கிடைத்தது என்று நினைக்கும்.

அப்புறம் கயிற்றைக் கழற்றி விளையாட விடுங்கள். பெய்ததும் உள்ளே இழுத்து வந்தால், பெய்தால் விளையாட்டு முடிந்தது என்று கண்டுகொண்டு அடக்கத் தொடங்கும். ஒன்றும் நடக்காவிட்டால் உள்ளே வந்து கயிற்றை உங்கள் கையிலேயே வைத்திருங்கள், பத்து நிமிடத்தில் திரும்பப் போங்கள்.

4. வீட்டுக்குள்

பேப்பர், சாக்கு விரித்துப் பழக்குவதை நான் ஏற்கமாட்டேன். குட்டி காலுக்குக் கீழே படுவதைத்தான் நினைவில் வைக்கும். இன்று சாக்கில் பெய்யப் பழகியது, அறுவடை முடிந்து நெல் காயப்போட்ட படங்கில் நாளைக்குப் பெய்யும்.

உள்ளே பெய்துவிட்டால் மூக்கைப் பிடித்துத் தேய்ப்பது, அடிப்பது வேண்டாம். அதனால் அது படிப்பது, உங்களுக்குத் தெரியாமல் நெல்மூட்டைக்குப் பின்னால் போவதைத்தான்.

சீமெந்துத் தரை மூத்திரத்தை உறிஞ்சிவிடும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிறகு வினாகிரி கலந்த தண்ணீரால் துடையுங்கள். கிணற்றுக்குப் போடுகிற குளோரினை மூத்திரத்தின் மேல் ஊற்றக்கூடாது, நச்சுவாயு வரும். மண்தரை என்றால் நனைந்த மண்ணைக் கிளறி எடுத்துவிட்டுத் திரும்ப மெழுகுங்கள்.

5. இரவு

பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து அதற்குள் படுக்க விடுங்கள். படுக்கிற இடத்தைக் குட்டி நனைக்க விரும்பாது, மூத்திரம் முட்டினால் முனகும். அப்போது எழும்பத்தான் வேண்டும். டோர்ச் இல்லாமல் இறங்காதீர்கள், வேலிக்கரையில் புடையன் பாம்பு கிடக்கும்.

பிறகு சேர்த்தது: வாசித்த இரண்டு பேர் கேட்டவை.

மாரி மழைக்குக் குட்டி வெளியே கால்வைக்கவே மாட்டேன் என்கிறதாம். அந்த மூலைக்கு மேல் நாலு தடி நட்டு இரண்டு கிடுகோ ஒரு தகரமோ போட்டு, கீழே காய்ந்த மணல் கொட்டுங்கள். குடை பிடித்துப் பார்க்கலாம், ஆனால் குடையைக் கண்டே பயப்படும் குட்டிகள் உண்டு.

மற்றது, ஆட்களைக் கண்டதும் படுத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகப் பெய்யும் குட்டி. அது பழக்கக் குறை இல்லை, பயமும் பணிவும். ஏசினால் கூடும். வந்தவர் குனிந்து தலையைத் தடவாமல், பக்கவாட்டில் குந்தியிருந்து கையை நீட்டட்டும். பெரும்பாலான குட்டிகள் வளர வளர அதை விட்டுவிடும்.