வாடைக் காலத்தில் வீட்டுப் பெரியவர்கள்: பாசத்தில் நாம் செய்யும் தவறுகள்

கார்த்திகை பிறந்தால் சென்னையிலிருந்து என் தங்கை போன் பண்ணுவாள். "அப்பத்தாவுக்கு ஸ்வெட்டர் வாங்கி அனுப்பவாண்ணே?" ஊட்டிக்கு அனுப்ப வேண்டியது அது. ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் மண்டபம், உச்சிப்புளி, பாம்பன் பக்கம் தை மாதத்து ராத்திரியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனாலும் அந்த 22, 23 டிகிரியிலேயே அப்பத்தா சுருண்டு படுத்துக்கொள்ளும். தொட்டுப் பார்த்தால் விரல் நுனியெல்லாம் ஐஸ்.

காரணம் வாடை. ஐப்பசியில் தொடங்கி தை வரை வடகிழக்கிலிருந்து விடாமல் அடிக்கிற காற்று, கடலின் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. ஓலைத் தட்டியில், ஓட்டு இடுக்கில் எங்கே வழி கிடைத்தாலும் நுழையும். வயதான உடம்பில் சதையும் கொழுப்பும் வற்றியிருக்கும். சூடு உண்டாவதும் குறைவு, நடுக்கமும் ஒழுங்காக வராது. ஈரப் புடவையோடு அந்தக் காற்றில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் 23 டிகிரியும் குளிர்தான். இந்தக் குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். சித்திரையில் சரியாக இருந்த பிரஷர் மார்கழியில் எகிறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே மழைக்காலம் தொடங்கியதும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

கரிச்சட்டியும் அடைத்த கதவும்

எங்கள் மாவட்டத்தில் சீமைக்கருவேலக் கரிக்குப் பஞ்சமே கிடையாது. மழை ராத்திரியில் ஒரு சட்டியில் தணலை அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சன்னலையும் கதவையும் இறுக்கி அடைத்துவிடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. விறகு எரிந்தால் புகையும், கண் கரிக்கும், நாமே கதவைத் திறந்துவிடுவோம். நன்றாகக் கனிந்த கரியில் புகையே இருக்காது. அதனால்தான் பயமில்லாமல் வைக்கிறோம். அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும். தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது, அப்படியே போய்விடுவார்.

தணல் வேண்டுமென்றால் படுப்பதற்கு முன்னால் திண்ணையில் வைத்துக் காய்ந்துகொள்ளட்டும். படுக்கும்போது சட்டி வெளியே போய்விட வேண்டும். வாடை வருகிற பக்கத்துச் சன்னலை அடைத்தால் எதிர்ப்பக்கம் ஒன்று திறந்திருக்கட்டும். கொசுவத்திச் சுருளுக்கும் இதே பேச்சுதான். பீடி குடித்து நெஞ்சு கெட்டவர்கள் இருக்கிற வீட்டில் அதற்குப் பதில் கொசுவலை கட்டுங்கள்.

போர்வை விஷயத்திலும் ஒரு தப்பு நடக்கிறது. மேலே இரண்டு கம்பளி போர்த்திவிட்டு, கயிற்றுக் கட்டிலின் கீழே இருந்து ஏறுகிற காற்றை மறந்துவிடுகிறோம். முதலில் கட்டிலின் மேல் ஒரு பாய், அதற்கு மேல் ஒரு ஜமுக்காளம். போர்த்துவதற்குப் பழைய நூல் சேலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தது போதும். அடுக்குக்கு நடுவில் நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்துவைக்கும். தலைக்கும் காதுக்கும் ஒரு துண்டு, காலுக்குச் சாக்ஸ். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கு வெந்நீர்ப் பையை அப்படியே வைத்துவிடாதீர்கள். தோல் வெந்து கொப்புளம் வந்தாலும் அவர்களுக்கு உறைக்காது. துணியில் சுற்றிப் படுக்கையைச் சூடாக்கிவிட்டு, படுக்கும்போது எடுத்துவிடுங்கள்.

சாக்கு

எங்கள் வீட்டுக் கக்கூஸ் கொல்லையில் இருக்கிறது. பின்வாசலிலிருந்து பன்னிரண்டு எட்டு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகை மழையில், அப்பத்தாவுக்குக் கால் வழுக்கக் கூடாதென்று ஒரு அரிசிச் சாக்கைப் பின்வாசலில் விரித்துவைத்தேன். பிளாஸ்டிக் நாரில் நெய்த சாக்கு. நனைந்ததும் அது சிமெண்டுத் தரையில் ஒட்டாது, சறுக்குப் பலகை மாதிரி நழுவும். விடிகாலை மூன்று மணிக்குக் கரண்டும் இல்லை. "அய்யா..." என்று ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது.

எழுந்து உட்காரவைத்தோம். பக்கத்து வீட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து நீவிவிட்டார்கள். சுளுக்காகத்தான் இருக்கும் என்று விடிந்த பிறகும் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம். விழுந்த காலைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மற்ற காலைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இடுப்பு எலும்பு முறிவுக்கு அதுதான் அடையாளம். அப்படிப் பார்த்தால் நீவக் கூடாது, நிறுத்திப் பார்க்கவும் கூடாது. படுத்தபடியே அசையாமல் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். அப்பத்தா திரும்ப நடக்கப் பங்குனி ஆகிவிட்டது.

இப்போது அந்த இடத்தில் சாக்கு இல்லை. பாசி பிடித்த சிமெண்டில் வாரம் ஒரு தடவை பிளீச்சிங் பவுடர் தூவி, தென்னை விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவுகிறேன். பின்வாசலிலிருந்து கக்கூஸ் வரை இடுப்பு உயரத்துக்கு இரும்புக் குழாய் பிடிமானம், மேலே தகரம். ராத்திரிக்குக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கமோடு நாற்காலி. "படுக்குற எடத்துலயா?" என்று அப்பத்தா ஒரு மாதம் முறைத்தது, பிறகு பழகிவிட்டது. குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பை நானே தூக்கிப் போட்டேன். தலையணைக்கு அடியில் டார்ச். இன்னொன்று, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுக்கையிலிருந்து விருட்டென்று எழுந்தால் தலை சுற்றும். காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும்.

தண்ணீரைக் குறைப்பது

மழையில் கொல்லைக்குப் போக வேண்டுமே என்று பெரியவர்கள் தாமாகவே சாயங்காலம் நாலு மணியிலிருந்து தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். "தாகமே இல்லப்பா" என்பார்கள். அது பொய்யில்லை, வயதானால் தாகம் எடுப்பதே மந்தமாகிவிடும். குளிரில் சிறுநீரும் கொஞ்சம் அதிகமாகப் போகும். கடைசியில் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, எழுந்தால் மயக்கம். கேட்டால் ‘வயசாயிடுச்சு’ என்று முடித்துவிடுகிறோம்.

தாகத்தை நம்பாமல் நேரத்தை நம்புங்கள். காலையில் எழுந்ததும், பலகாரத்துக்குப் பிறகு, பதினொரு மணிக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு, நாலு மணிக்கு என்று ஒவ்வொரு டம்ளர். சுடுகஞ்சி, ரசம், சுக்கு காபி எல்லாம் கணக்கில் சேரும். ஆறு மணிக்குப் பிறகு குறைத்துக்கொண்டால் ராத்திரி நடையும் குறையும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவுதான்.

சுக்கு காபி என்றதும் கருப்பட்டி ஞாபகம் வருகிறது. "கருப்பட்டி சுகரை ஏத்தாது" என்று இந்தக் கடற்கரை முழுக்க நம்புகிறார்கள். ஏற்றும். பனையிலிருந்து வந்தாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரையே.

கருவாடும் செட் மாத்திரையும்

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் படகு கடலுக்குப் போகாது. வீட்டில் மீன் இருக்காது, பானையில் இருக்கிற கருவாடு வெளியே வரும். மழைக்கு இதமாகக் கருவாட்டுக் குழம்பும் சுடுசோறும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாலு நாள் தொடர்ந்து கருவாடு என்றால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் வையுங்கள். முடிந்தால் வாரத்துக்கு ஒரு நாளோடு நிறுத்துங்கள்.

வாடையில் முட்டி பிடித்துக்கொள்வது சகஜம். உடனே மெடிக்கலில் போய் "கை கால் வலிக்கு ஒரு செட் மாத்திரை" என்று வாங்கிவருவோம். அந்தச் செட்டில் பெரும்பாலும் டைக்ளோபினாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்கும். பிரஷரை ஏற்றும், வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். சளி மருந்துகளிலும் சில பிரஷரை ஏற்றும், சில ஆண்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடும். என்ன மாத்திரை என்று தெரியாத செட்டு பெரியவர்களுக்கு வேண்டாம். டெங்கு நடமாடுகிற மாதங்களும் இவைதான், அப்போது வந்த காய்ச்சலுக்கு இந்த வலி மாத்திரைகள் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். டாக்டரைப் பார்க்கும் வரை பாராசிட்டமால் போதும்.

"காய்ச்சல் இல்லையே"

எனக்குத் தெரிந்து அதிகம் ஏமாறுவது இதில்தான். சின்னப் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டினால் உடம்பு அனலாகக் கொதிக்கும். எண்பது வயதில் நிமோனியா வந்தாலும் உடம்பு சுடாமல் இருக்கலாம், இருமல்கூடப் பெரிதாக இருக்காது. இரண்டு வேளையாகச் சாப்பாடு இறங்கவில்லை, பகலெல்லாம் தூக்கம், பேரனைப் பார்த்து மகன் பெயரைச் சொல்கிறார், சம்பந்தமில்லாமல் பெனாத்துகிறார் என்றால் அதையே காய்ச்சலாக எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சை ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள், 25ஐத் தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பீரோவில் கிடக்கும், அதற்கு பேட்டரி போடுங்கள். ஆனால் சில்லிட்ட விரலில் வைத்தால் தப்பாகக் காட்டும், தேய்த்துச் சூடாக்கிவிட்டு வையுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி மழைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடலாம். மூக்கில் எண்ணெய் விடுவது வேண்டாம், நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மார்கழி விடிகாலையிலும் தை அமாவாசையிலும் அப்பாவையோ அம்மாவையோ கூட்டிவந்து, அக்னி தீர்த்தத்தில் முக்கி, அதே ஈரத்தோடு 22 தீர்த்தமும் சுற்றவைப்பதைப் பார்த்திருக்கிறேன். கல் தரை முழுக்கத் தண்ணீர், மேலே வாடை. எழுபது தாண்டியவர்களுக்கு வெயில் ஏறிய பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் தலையில் தெளித்தால் போதும் என்பது என் கட்சி. புண்ணியக் கணக்கு தெரிந்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

கூண்டு ஏற்றிய பிறகு யோசிப்பது

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் மாத்திரை தீர்ந்திருந்தால் எங்கே போவது? அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்பதற்காகக் கடைசி மாத்திரை வரை காத்திருக்காதீர்கள், ஐப்பசியிலிருந்து பத்து நாளுக்கான மாத்திரை எப்போதும் கையில் இருக்கட்டும். கரண்ட் போனால் இன்சுலினை ஐஸில் புதைக்காதீர்கள், உறைந்தால் வீண். திறந்த பாட்டில், அறைச் சூட்டில் ஏறக்குறைய நாலு வாரம் தாங்கும். ஈரமணல் போட்ட பானைக்குள் ஒரு சின்னச் சட்டியில் வைத்தால் இன்னும் நல்லது.

ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர், நடுவில் பாம்பன் பாலம். வாய் கோணுகிறது, ஒரு கை விழுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு இருப்பது நாலரை மணி நேரம்தான். காபி கொடுத்துப் பார்ப்பது, விடியட்டும் என்று படுக்கவைப்பது எல்லாம் அதிலிருந்து கழிகிற நேரம். எந்த மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு 108ஐக் கூப்பிடுங்கள். வழி சொல்லும்போது தெருப் பெயரைச் சொல்லாமல் கோயில், பள்ளிவாசல், சர்ச், ஐஸ் கம்பெனி என்று அடையாளம் சொல்லுங்கள். எங்கள் தெருவுக்குப் பெயர்ப்பலகை இருந்தது, கஜா புயலுக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.