நூதனசாலை மூடியிருக்கையில் வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு விஞ்ஞானம் கற்பித்தல்

2020 மார்ச்சில் நேர்ந்ததுபோல் பெருந்தொற்றினால் பாடசாலைகளும் நூதனசாலைகளும் ஒரே வேளையில் மூடப்படும்போது, காட்சிப்பொருள்களைப் படமெடுத்துச் சூம் வழியாக விளக்கிவிடலாம் என்பதே நூதனசாலையில் கற்பிக்கும் நமக்கு முதலில் தோன்றும் எண்ணம். அதைக் கைவிடுங்கள். நூதனசாலைக் கூடத்திற்கு வரும் பிள்ளை தொட்டும் திருப்பியும் பார்த்து, தான் நினைத்தது நடக்காதபோது திகைத்து நிற்கும் கணத்திலேதான் கற்கிறது. அந்தக் கணம் வீட்டிலும் கிடைக்க வேண்டுமாயின் பொருள் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும், திரையில் நமது கேள்வி மட்டும் இருந்தால் போதும்.

பொருள்களைச் சமையலறையிலிருந்தே தெரிவுசெய்யுங்கள். அமில, காரச் சோதனைக்கு மஞ்சள் தூள் பொருத்தமானதுதான். ஆனால் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் 2020இல் அதன் விலை ஏறியதைப்போல், நெருக்கடிக் காலத்தில் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பெரியவர் ஒருவர் செவ்வரத்தம்பூவைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்துக் கொடுக்கட்டும்: அந்தச் சாறு தேசிக்காய்ப் புளி பட்டால் சிவக்கும், அப்பச்சோடா பட்டால் பச்சையாகும். கலக்கும் முன் என்ன நிறம் வரும் என்று ஒவ்வொரு பிள்ளையையும் எழுதச் செய்யுங்கள். அப்போது திரையில் நிலவும் மௌனம் நமக்குச் சங்கடமாக இருக்கும். ஆயினும் அதை நமது பேச்சால் நிரப்பலாகாது.

பல வீடுகளில் ஒரே கைபேசிதான் உண்டு, அதுவும் தொழிலுக்குச் செல்பவரிடம் இருக்கும். எனவே நேரலையைச் சுருக்கி, இரண்டு நிமிடக் குரல்பதிவையும் ஒரு படத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பி, மறுமொழிக்கு ஒரு முழுநாள் விடுவதே நியாயமானது.

நமது கூடத்தில் ஒருபோதும் செய்ய முடியாத ஒன்றை இணையவழியில் செய்யலாம். ஏப்ரல் 7ஆம் திகதியளவில், நண்பகல் ஏறக்குறைய 12.12 மணிக்குச் சூரியன் கொழும்பின் உச்சியில் நிற்கும். அந்நகரின் வெள்ளவத்தைப் பகுதியிலுள்ள மாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஒரு பிள்ளை நூற்குண்டு (நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டு) பிடித்து நேராக நிறுத்திய 1 மீற்றர்க் கம்புக்கு அப்போது நிழலே இராது. அதே நிமிடத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் கம்புக்கு வடக்கு நோக்கி ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் நிழல் விழும். அந்த நிழலிலிருந்து கிடைக்கும் கோணத்தையும், இரு நகரங்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள சுமார் 300 கிலோமீற்றரையும் கொண்டு புவியின் சுற்றளவைப் பிள்ளைகளே கணிக்கலாம்: அந்தக் கோணம் 360 பாகையில் எத்தனையில் ஒரு பங்கோ, அந்தத் தூரமும் சுற்றளவில் அத்தனையில் ஒரு பங்கு. நிழலை அளப்பதில் 1 மில்லிமீற்றர் பிழைத்தால் விடை ஏறக்குறைய 800 கிலோமீற்றர் பிழைக்கும். ஆகவே விடைகள் வேறுபடும்போது யாருடையது சரி என்று தீர்ப்பளிக்காமல், கம்பு சாய்ந்திருந்ததா, நிழலின் முனை தெளிவாகத் தெரிந்ததா என்று அவர்களையே ஒருவரையொருவர் விசாரிக்க விடுங்கள். சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

முகில் மறைத்தால் மறுநாள் அளக்கலாம். அன்று கொழும்பிலும் தெற்கு நோக்கி 7 மில்லிமீற்றர் அளவில் நிழல் இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏப்ரல் முழுவதும் தவறினால், செப்டெம்பர் முதல் வாரத்தில் சூரியன் மீண்டும் கொழும்பின் உச்சிக்கு வரும்.